அளவுகோலும் பிரம்பும்: டயான் ராவிச்சின் நூலை முன்வைத்து

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் எகிப்து சென்றபின் தம் முந்தைய சட்டக் கருத்துகள் பலவற்றை மாற்றிக்கொண்டார்கள். பழையதைக் கவ்ல் கதீம் என்றும் புதியதைக் கவ்ல் ஜதீத் என்றும் நம் மாணவர்கள் ஓதி வருகிறார்கள். கருத்தை மாற்றிக்கொண்டது அவர்களுக்கு இழுக்காக எண்ணப்படவில்லை. மாற்றத்துக்குத் தலீல் என்ன என்பதே கேட்கப்பட்டது. அமெரிக்கக் கல்வி வரலாற்றாசிரியர் டயான் ராவிச், தம் எழுபத்தொன்றாம் வயதில், 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மாபெரும் அமெரிக்கப் பள்ளி அமைப்பின் மரணமும் வாழ்வும்’ என்னும் ஆங்கில நூலை அதே கேள்வியோடுதான் நாம் கையில் எடுத்தோம். தேர்வும் தெரிவும் கல்வியை எவ்வாறு அரித்துவருகின்றன என்பது அந்நூலின் துணைத் தலைப்பு உணர்த்தும் பொருள். அவ்விரண்டுக்கும் நெடுங்காலம் வாதாடியவர்களுள் அவரும் ஒருவர் என்பதே நூலின் சுவையும் சிக்கலும் ஆகும்.

ராவிச் வெளியிலிருந்து குறைசொல்பவர் அல்லர். மூத்த புஷ்ஷின் ஆட்சியில் 1991 முதல் 1993 வரை நடுவண் கல்வித் துறையின் துணைச் செயலராகப் பணியாற்றியவர். இளைய புஷ் 2002 ஜனவரி 8 அன்று கையெழுத்திட்ட ‘எந்தக் குழந்தையும் பின்தங்க விடப்படலாகாது’ என்னும் சட்டத்தை அவர் வரவேற்றார். அச்சட்டத்தின் அமைப்பைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. முடிவுகளை இனவாரியாகவும் வறியோர், ஊனமுற்றோர், ஆங்கிலம் கற்போர் எனப் பிரித்தும் வெளியிட வேண்டும். 2014ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு நூறு மாணவரும் தேர்ச்சித் தரத்தை எட்ட வேண்டும். ஆண்டு இலக்கை ஒரு பிரிவினர் எட்டாவிடினும் பள்ளி முழுவதும் தவறியதாகிவிடும். தொடர்ந்து இரண்டாண்டு தவறினால் பிள்ளைகள் வேறு பள்ளிக்கு மாறலாம். மூன்றாண்டு தவறினால் பள்ளியின் செலவில் தனிப்பயிற்சி. மேலும் தவறினால் ஆசிரியரை மாற்றுவது, பள்ளியைத் தனியாரிடம் ஒப்படைப்பது என்று தண்டனை ஏறிக்கொண்டே போகும். நூலின் ஆறாம் இயலுக்கு ராவிச் இட்ட தலைப்பு ‘அளந்து தண்டித்தல்’ என்னும் பொருளது.

இச்சட்டத்தில் நன்மையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். கறுப்பினக் குழந்தைகளின் பின்னடைவைப் பள்ளியின் மொத்தச் சராசரிக்குள் மறைத்துவைக்கும் வசதியை அது ஒழித்தது. குடியுரிமைப் போராட்ட மரபினர் பலர் அதை ஆதரித்ததற்குக் காரணமும் இதுவே. ராவிச் இதனை இன்னும் சற்றுத் தாராளமாக ஒப்புக்கொண்டிருக்கலாம்.

ஆனால் அளவுகோலுக்கு நேர்ந்த கதி பற்றி அவர் தரும் தலீல் வலுவானது. எல்லாரும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சட்டம், தேர்ச்சி என்பது என்ன என்று வரையறுக்கும் உரிமையை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. விளைவை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. 2005இல் மிசிசிப்பி மாநிலத்தின் சொந்தத் தேர்வில் நான்காம் வகுப்பினருள் 89 விழுக்காட்டினர் வாசிப்பில் தேறினர். தண்டனை எதனோடும் பிணைக்கப்படாத தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீட்டிலோ அத்தரத்தை எட்டியவர் 18 விழுக்காடு மட்டுமே. சமூகவியல் முடிவெடுப்பில் ஓர் எண்ணுக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறோமோ அவ்வளவுக்கு அந்த எண்ணே கெட்டுப்போகும் என்று உளவியலறிஞர் டொனால்டு கேம்பெல் 1970களிலேயே எச்சரித்திருந்தார். நூல் வெளிவந்த மறு ஆண்டில் அட்லாண்டா நகரிலிருந்து வந்த செய்தி இதற்கு உரை எழுதியது. ஜார்ஜியா மாநில விசாரணை, ஆராய்ந்த 56 பள்ளிகளுள் 44இல் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமாக 178 பேர் முறைகேட்டில் தொடர்புடையோர் என்று அறிவித்தது. மாணவரின் தவறான விடைகளை அழித்துத் திருத்தியவர்கள் ஆசிரியர்களே. 2015இல் பதினொருவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று.

இப்னு கல்தூனின் ‘முகத்திமா’வில், மாணவரிடம் கடுமை காட்டுவதன் தீங்கு பற்றி ஒரு பகுதி உண்டு. அடக்குமுறையில் வளர்பவன் சோம்பலுக்கும் பொய்க்கும் தள்ளப்படுகிறான். அடிக்கு அஞ்சி, உள்ளத்தில் உள்ளதற்கு மாறானதைக் காட்டக் கற்றுக்கொள்கிறான் என்பது அங்கே அவர் சொல்வதன் சாரம். மாணவனைப் பற்றி அவர் கண்டது இங்கே ஆசிரியருக்கும், பள்ளிக்கும், ஏன், மாநில அரசுக்குமே பொருந்திவிட்டது.

இதை எழுதும்போது நம் நெஞ்சும் குறுகுறுக்கவே செய்கிறது. பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமாத் தேர்வுக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் மாதங்களில், வினாத்தாளில் வராத கஸீதாவை நாமும் ஓசைப்படாமல் தாண்டிப் போயிருக்கிறோம். நம்மை எவரும் தண்டிக்கப்போவதில்லை. தேர்ச்சிப் பட்டியல் மட்டுமே கண்முன் நின்றது. வேலையும் பள்ளியும் பறிபோகும் என்ற அச்சம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று சொல்லத் துணிவில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் வரலாறும் புவியியலும் கலையும் சுருங்கியதை ராவிச் வருந்தி எழுதும் பக்கங்களை அதனால்தான் நாம் இருமுறை படித்தோம். செறிவான பாடத்திட்டம் வேண்டும் என்பது அவருடைய பழைய கூற்று. புதிய நூலிலும் அதை அவர் கைவிடவில்லை. கவ்ல் கதீமில் சில மஸ்அலாக்கள் இன்றும் ஃபத்வாவுக்கு உரியனவாக நிற்பது போல என்று கொள்ளலாம்.

தெரிவு பற்றிய இயலில் நமக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. அரசு பணம் தரட்டும், பள்ளியைப் பெற்றோர் தெரிவு செய்யட்டும் என்ற கருத்தைப் பொருளியலறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955இல் எழுதினார். அதற்கு முந்திய ஆண்டுதான் நிறப்பிரிவினைப் பள்ளிகள் சட்டத்துக்கு முரணானவை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம் அத்தீர்ப்புக்குப் பணிய மறுத்து 1959 முதல் ஐந்தாண்டுக்காலம் தன் பொதுப்பள்ளிகளையே பூட்டிவைத்தது. வெள்ளையர் பிள்ளைகள் உதவித்தொகையோடு தனிப்பள்ளிக்குப் போனார்கள். கறுப்பினப் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். ‘தெரிவுச் சுதந்திரம்’ என்ற சொல்லைத் தென் மாநிலங்கள் எதற்குப் பயன்படுத்தின என்பதை ராவிச் மறைக்காமல் சொல்கிறார். 1988இல் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷேங்கர் முன்மொழிந்த சார்ட்டர் பள்ளி, அதாவது அரசுப் பணத்தில் தன்னாட்சியோடு நடக்கும் பள்ளி, கடைக்கோடி மாணவருக்கான ஆய்வுக்கூடமாக எண்ணப்பட்டது; பின்னர் அதுவே பொதுப்பள்ளிக்குப் போட்டிக் கடையாயிற்று. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2009இல் ஆராய்ந்தபோது, கணக்குப் பாடத்தில் 17 விழுக்காட்டுச் சார்ட்டர் பள்ளிகளே அருகிலுள்ள பொதுப்பள்ளிகளை விஞ்சின. 37 விழுக்காடு தாழ்ந்திருந்தன.

இவையெல்லாம் சரியே. எனினும் தெரிவுக்கு இன்னொரு நஸபும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா வந்த ஏழைக் கத்தோலிக்கர், பொதுப்பள்ளியில் தம் பிள்ளைகள் புராட்டஸ்டண்டு விவிலியத்தை ஓத நேர்ந்ததால், காசு சேர்த்துத் தமக்கெனப் பள்ளிகள் கட்டினர். எல்லாப் பிள்ளைகளும் பொதுப்பள்ளிக்கே வரவேண்டும் என்ற ஓரிகன் மாநிலச் சட்டத்தை 1925இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நீக்கியது. நியூயார்க்கில் கத்தோலிக்க ஆயர் ஹியூஸ் நடத்திய போராட்டத்தை 1974ஆம் ஆண்டு வந்த தம் முதல் நூலில் எழுதியவரே ராவிச்தான். இந்நூலிலும் கத்தோலிக்கப் பள்ளிகள் மூடப்படுவதற்கு வருந்துகிறார். ஆனால் வாதத்தின் பாரம் முழுவதையும் சந்தைக் கொள்கையின்மீது சாய்த்துவிட்டதால், சிறுபான்மையினர் ஒருவர் தம் பிள்ளைக்கென வேறு பள்ளி தேடுவதற்கும் ஒரு வணிகர் பள்ளி திறப்பதற்கும் உள்ள வேறுபாடு மங்கிப்போகிறது. தம் சமூகப் பள்ளிகளைத் தாமே கட்டிக் காத்துவரும் நம்மைப் போன்றோர் இவ்விடத்தில் தயங்கி நிற்பது இயல்பு.

இன்னொரு தயக்கமும் உண்டு. பள்ளி மாறும் உரிமையைச் சட்டம் தந்தும், கலிஃபோர்னியாவில் தகுதியுடையோருள் நூற்றுக்கு ஒருவர்கூட அதைப் பயன்படுத்தவில்லை என்று நூல் காட்டுகிறது. பெற்றோர் அண்டைப் பள்ளியை விட்டகல விரும்பவில்லை என்பதற்கு அவர் இதைச் சான்றாக்குகிறார். அறிவிப்பு காலந்தாழ்ந்து வந்ததும், மாறிச் செல்ல நல்ல பள்ளியில் இடமே இல்லாததும் அதே அளவுக்குக் காரணங்கள் அல்லவா? சார்ட்டர் பள்ளிக் குலுக்கலில் மகளின் பெயரை எழுதிப்போட்டுக் காத்திருக்கும் ஹார்லம் தாய்க்கு, அண்டைப் பள்ளி காலப்போக்கில் சீர்படும் என்பது விடையாகாது. அவளுடைய பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு ஒரு முறைதான் வரும்.

நம் முதன்மையான மனக்குறை வேறு. இங்கே கணக்குக் கேட்கப்பட்டதெல்லாம் கீழே இருப்பவரிடம். ஆசிரியரிடம் கேட்டார்கள், தலைமையாசிரியரிடம் கேட்டார்கள், எட்டு வயதுக் குழந்தையிடமும் கேட்டார்கள். அமெரிக்கப் பள்ளிகளின் வருவாயில் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரி. செல்வர் குடியிருப்பில் பள்ளி செழிக்கும், வறியோர் குடியிருப்பில் வாடும். டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்துப் பெற்றோர் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், கல்வி நடுவண் அரசமைப்பு உறுதிசெய்யும் அடிப்படை உரிமையன்று என்று 1973இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. முஹாஸபா என்பது மேலிருப்பவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்று நாம் ஓதிவந்திருக்கிறோம். பதினோர் இயல்கள் கொண்ட இந்நூலில் பள்ளி நிதிக்கென ஓர் இயலும் இல்லை. வறுமையே வேர் என்று ராவிச் பலமுறை எழுதுகிறார். அந்த வேருக்கு நீர் வார்ப்பது எந்தச் சட்டம் என்று தோண்டிப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்.

2014ஆம் ஆண்டு வந்தது. நூற்றுக்கு நூறு என்ற இலக்கை எந்த மாநிலமும் எட்டவில்லை. 2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் ஆண்டுத் தேர்வுகளை வைத்துக்கொண்டு தண்டனை அதிகாரத்தைப் பெரும்பாலும் மாநிலங்களிடம் திருப்பித் தந்தது. 2025 ஜூலையில் நிறைவேறிய வரிச் சட்டமோ, தனிப்பள்ளிக் கட்டணம் முதலியவற்றுக்கு உதவித்தொகை தரும் அமைப்புகளுக்கு ஒருவர் அளிக்கும் நன்கொடைக்கு, ஆண்டுக்கு 1,700 டாலர் வரை நடுவண் வரிக்கழிவு தர வகைசெய்திருக்கிறது. இணைய விரும்பும் மாநிலங்களில் 2027 முதல் அது நடப்புக்கு வரும். தேர்வும் தெரிவும் இணைபிரியாத இரட்டையர் என்று ராவிச் கருதி எழுதியிருந்தார். புதிய சட்டத்தில் தெரிவு மட்டும் தனித்து நிற்கிறது. உதவித்தொகை பெறும் பிள்ளை என்ன கற்றது என்று தனிப்பள்ளியிடம் கேட்கும் விதி எதுவும் அதில் இல்லை.