மண்ணில் கிடைத்த காசைப் படிப்பது எப்படி?

ஆற்று மணலிலோ உழுத நிலத்திலோ மெட்டல் டிடெக்டரின் ஒலியைத் தொடர்ந்தோ வெளியே வரும் பழங்காசு பார்த்ததும் அடையாளம் சொல்லிவிடாது. பாதி எழுத்து தேய்ந்திருக்கும். சோழ, பாண்டியச் செப்புக்காசுகளில் ஆண்டு பொறிக்கும் வழக்கமே இல்லை. எழுத்தைத் தேடித் தொடங்குபவர் பெரும்பாலும் ஏமாந்துபோவார். காசைப் படிக்க ஒரு வரிசை உண்டு: முதலில் அதன் உடம்பு, அடுத்து உருவம், அதற்குப் பின்தான் எழுத்து. இந்த வரிசையில் போனால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாத காசையும் அதன் காலத்துக்கும் நாட்டுக்கும் அருகில் கொண்டு போய்விடலாம்.

துலக்கக் கூடாது

நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடந்த செம்பின் மேல் பச்சையாகவோ கரும்பழுப்பாகவோ களிம்பு படிந்திருக்கும். உருவத்தின் மெல்லிய கோடுகள் பல சமயம் அந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கின்றன. செப்புக் குடத்துக்குப் போடுவதுபோல் புளியோ எலுமிச்சையோ போட்டுத் துலக்கினால் காசு பளபளக்கும், கோடுகள் போய்விடும். வாலை வடிநீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தளர்ந்த மண்ணை மட்டும் நீக்கி, நிழலில் உலர்த்தினால் போதும். வெளிர்பச்சைப் பொடியாக உதிரும் களிம்பு காசை உள்ளிருந்து அரிக்கும் வகை. அப்படிப்பட்டதை மற்றக் காசுகளிலிருந்து பிரித்து, ஈரம் படாமல் வைத்து, அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவில் காட்ட வேண்டும்.

உடம்பு சொல்வது

நகைக்கடைத் தராசு, அளவுகோல், காந்தம், லென்ஸ் ஆகிய நான்கும் முதற்கட்டத்துக்குப் போதும். பொன், வெள்ளி, செம்பு, ஈயம் ஆகியவற்றைக் காந்தம் இழுக்காது. ‘பழங்காசு’ காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது. பெரும்பாலும் அது பிற்காலப் பொருள்.

அடுத்து வடிவம். சங்ககாலப் பாண்டியர் செப்புக்காசுகள் பெரும்பாலும் சதுரம் அல்லது நீள்சதுரம். ஏறத்தாழ 3.4 கிராம் எடையில், ஒழுங்கற்ற விளிம்புடன், சூரியன் போன்ற சின்னங்கள் தனித்தனியாகக் குத்தப்பட்ட வெள்ளித் துண்டு என்றால் அது முத்திரைக் காசு. இந்தியத் துணைக்கண்டத்தின் மிகப் பழைய நாணய வகை. சாம்பல் வெள்ளை நிறத்தில், நகம் பதியும் அளவுக்கு மெத்தென்ற ஈயக்காசு தரங்கம்பாடி வட்டாரத்தில் கிடைத்தால், 17ஆம் நூற்றாண்டு டேனிஷ்காரர்களின் வெளியீடாக இருக்கலாம்.

செய்த விதத்தையும் பார்க்க வேண்டும். கையால் சம்மட்டி அடித்து அச்சிட்ட காசில் உருவம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், விளிம்பு வெடித்திருக்கும். பல வகைகளில் அச்சு பெரியது, உலோக வில்லை சிறியது. ஆகவே ஒரே காசில் முழுப் பெயரும் விழுந்திருக்காது. ஐந்தாறு காசுகளை ஒப்பிட்டுத்தான் வாசகத்தைக் கூட்ட முடியும். துல்லியமான வட்டமும் சமமான கனமும் இருந்தால் அது இயந்திரத்தில் அடித்தது. பரப்பில் ஊசிமுனைக் குழிகளும் ஓரத்தில் இணைப்புக் கோடும் தெரிந்தால் அது அச்சடித்ததன்று, வார்த்தது. அச்சடிக்கப்பட வேண்டிய வகையில் அந்த அடையாளம் இருப்பது போலிக்கு அறிகுறி.

சாய்ந்த வெளிச்சத்தில் உருவம்

நேராக விழும் வெளிச்சத்தில் தேய்ந்த காசு வெறும் தகடாகத் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி, காசை மெல்லச் சுற்றினால் மேடுகளின் நிழல் விழுந்து உருவம் எழும். நான்கு திசையிலிருந்தும் ஒளி விழச் செய்து நான்கு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

சங்ககாலக் காசுகளில் யானையும் குதிரையும் எளிதில் பிடிபடும். பின்பக்கச் சின்னம்தான் குலத்தைச் சொல்லும்: மீன் பாண்டியனுக்கு, வில்லும் அம்பும் சேரனுக்கு, புலி சோழனுக்கு. ஆனால் பாண்டியர் சதுரக்காசின் மீனில் செதிலும் கண்ணும் தேடினால் கிடைக்காது. சில கோடுகளால் வரைந்த கோட்டுருவம் அது. மீன் என்று யாராவது சொன்ன பிறகுதான் மீனாகத் தெரியும்.

மதுரை, கரூர் பகுதிகளிலும் இலங்கையிலும் கிடைக்கும் சிறு ரோமச் செப்புக்காசுகளில் தலையலங்காரம் காலத்தைக் காட்டும். கதிர்கள் நீட்டிய முடி என்றால் பெரும்பாலும் 3ஆம் நூற்றாண்டு. முத்துப் பட்டம் கட்டி, அதன் நாடா பிடரியில் தொங்கினால் 4ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பின். குதிரையிலிருந்து சாயும் வீரனை ஈட்டியால் குத்தும் காட்சி பின்பக்கத்தில் இருந்தால், 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று துணிந்து சொல்லலாம்.

ஒரு காசு, அருகிலிருந்து

தமிழகத்தில் பரவலாகக் கிடைக்கும் ஒரு செப்புக்காசை இந்த முறையில் பார்க்கலாம். விட்டம் ஏறக்குறைய 2 செ.மீ.; எடை 4 கிராமை ஒட்டி. ஒரு பக்கம் நிற்கும் உருவம். கால், வேட்டி மடிப்பு, கை எல்லாமே கோடுகளும் புள்ளிகளும்தான். முதல் பார்வைக்கு மனித உருவம் என்றே தோன்றாது. மறுபக்கம் உட்கார்ந்த உருவம். அதன் கையருகே சில எழுத்துகள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கும். தமிழ் மன்னன் காசு என்று தமிழ் எழுத்தைத் தேடினால் அகப்படாது; இருப்பது நாகரி. ‘ஸ்ரீ ராஜராஜ’ என்பது வாசகம். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் ராஜராஜனின் காசு இது. ஈழக்காசு வகை என்று இதைக் குறிப்பிடுவதும் உண்டு.

ஆனால் உருவத்தை மட்டும் பார்த்து முடிவுகட்ட முடியாது. சோழர் வென்று ஆண்ட இலங்கையில், அவர்கள் ஆட்சி நீங்கிய பிறகும் அந்நாட்டு மன்னர்கள் இதே நிற்கும், உட்காரும் உருவங்களுடன் தங்கள் பெயரைப் பொறித்தார்கள். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி ஆகியோர் பெயரில் அத்தகைய காசுகள் உள்ளன. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் ஒரு பக்கத்து உருவத்தை மாற்றி, படுத்திருக்கும் காளையை வைத்து, அதன் கீழே தமிழில் ‘சேது’ என்று பொறித்தார்கள். வென்றவன் அடித்த காசின் கோலம், அவன் ஆட்சி போன பின்னும் அந்த மண்ணில் நூற்றாண்டுகள் நீடித்ததை உள்ளங்கையில் வைத்தே பார்க்கலாம். அடுக்கெழுத்து தேய்ந்துபோன காசை ‘ராஜராஜன் வகை’ என்று மட்டும் சொல்வதே நேர்மை.

எழுத்தும் எண்ணும்

எழுத்து தெரிந்தால் முதலில் அது எந்த வரிவடிவம் என்று பிரிக்க வேண்டும். தமிழ்பிராமியில் ‘பெருவழுதி’ என்று பொறித்த பாண்டியர் காசையும் ‘மாக்கோதை’ என்ற பெயருள்ள சேரர் வெள்ளிக்காசையும் நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்டது, சங்ககால வரலாற்றுக்குப் பெரும் சான்றாயிற்று. பிற்காலப் பாண்டியர் காசுகளில் மன்னன் பெயருக்குப் பதிலாகப் பட்டமே இருப்பதுண்டு. ‘சோணாடு கொண்டான்’ என்ற வாசகம், சோழ நாட்டை வென்ற மாறவர்மன் சுந்தரபாண்டியனைச் சுட்டுவதாகக் கொள்ளப்படுகிறது.

ஐரோப்பியர் காசுகளில் பின்னலெழுத்து முக்கியம். வி, ஓ, சி மூன்றும் ஒன்றில் ஒன்று பின்னியிருந்தால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அடியில் ஆண்டும் இருக்கும். கிரீடத்தின் கீழ் சி என்ற எழுத்தும் 7 என்ற எண்ணும் இருந்தால் டென்மார்க்கின் ஏழாம் கிறிஸ்டியன் பெயரில் தரங்கம்பாடியில் வெளிவந்தது. திப்புவின் செப்புக்காசில் யானை இருக்கும். அவர் பின்னாளில் பயன்படுத்திய மௌலூதி ஆண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கும். வழக்கம்போல் இடமிருந்து படித்தால் பொருந்தாத ஆண்டு வரும்.

கிடைத்த இடம்

இடம் பெரிய துப்பு. கரூர் அமராவதி ஆற்றுப்படுகை என்றால் சேரரும் ரோமரும் நினைவுக்கு வர வேண்டும். மதுரை வைகை என்றால் பாண்டியர். ஆனாலும் கிடைத்த இடமும் புழங்கிய இடமும் ஒன்றாகவே இருக்கத் தேவையில்லை. இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையை அடுத்த குட்வின் மணல்திட்டில் பாரசீக எழுத்தும் ‘20 காசு’ என்னும் மதிப்பும் பொறித்த 1808ஆம் ஆண்டுச் செப்புக்காசுகள் லட்சக்கணக்கில் கிடைத்தன. சென்னை மாகாணத்துக்காக பர்மிங்ஹாமில் மேத்யூ போல்ட்டனின் சோஹோ நாணயச்சாலையில் அடித்து, ‘அட்மிரல் கார்டனர்’ கப்பலில் ஏற்றியவை அவை. 1809 ஜனவரியில் கப்பல் அங்கே மூழ்கியது. தமிழகச் சந்தையைப் பார்க்காமலே கடலடியில் தங்கிவிட்ட தமிழகக் காசுகள் அவை.

போலியும் புரட்டும்

அனுமன், ராமர் பட்டாபிஷேகம் போன்ற உருவங்களுடன் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’ என்றும் 1616, 1717, 1818 போன்ற ஆண்டுகளும் போட்டு விற்கப்படுபவை கம்பெனியின் நாணயங்கள் அல்ல. கம்பெனியின் வராகனில் பெருமாள் உருவம் உண்டு என்பதால் பலர் இவற்றையும் நம்பிவிடுகிறார்கள். அரிசியை இழுக்கும் சக்தி, இரிடியம் என்று கதை கட்டி லட்சக்கணக்கில் பணம் பறிக்கும் கும்பல்களுக்கு இவையே மூலதனம்.

குறிப்பும் சட்டமும்

அடையாளம் காண்பதன் கடைசிப் படி குறிப்பு எழுதுவது. உலோகம், எடை, விட்டம், முன்பக்கம், பின்பக்கம், தெரியும் எழுத்து, கிடைத்த இடம், ஆழம், தேதி ஆகியவற்றை எழுதி, ஊகத்தைத் தனி வரியில் வைக்க வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவும் கரூர் அருங்காட்சியகமும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இந்தியப் புதையல் சட்டம், 1878இன்படி மண்ணில் மறைந்திருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதும் குற்றம். இங்கிலாந்தில் நில உரிமையாளரின் சம்மதத்துடன் டிடெக்டர் கொண்டு தேடலாம். அங்கும் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் கீழ் வருபவற்றை அறிவித்தாக வேண்டும்.