பாபதியமாந்திஸின் ‘கொலைகாரி’: மொழியும் நீதியும்

நவீன கிரேக்கச் சிறுகதையின் முன்னோடிகளுள் குறிப்பிடத்தக்கவர் அலெக்சாந்த்ரோஸ் பாபதியமாந்திஸ் (1851-1911). ஏஜியன் கடலிலுள்ள ஸ்கியாதோஸ் தீவில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், ஏதென்ஸில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்வியை நிறைவு செய்யவில்லை. ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலிருந்து நாளிதழ்களுக்கு மொழிபெயர்த்து வறுமையில் வாழ்ந்தார். 1887 முதல் அவர் எழுதிய சிறுகதைகள் இதழ்களிலேயே வெளிவந்தன. அவர் வாழ்ந்த காலத்தில் ஒரு தொகுப்பும் நூலாகவில்லை.

தீவு மக்களின் வழக்காறுகளைப் பதிவு செய்தவர் என்ற அளவில் அவரை மதிப்பிடும் போக்கு உண்டு. அம்மதிப்பீடு முழுமையானதன்று என்பதற்கு 1903இல் வெளிவந்த ‘கொலைகாரி’ என்னும் குறுநாவல் சான்றாகும். பெற்றோர், கணவன், பிள்ளைகள், பேரக்குழந்தைகள் என வாழ்நாள் முழுதும் பிறர்க்கே உழைத்தவள் மூலிகை மருத்துவம் அறிந்த முதியவள் ஹதூலா. பெண்ணாய்ப் பிறப்பதே சீர்வரிசைச் சுமைக்கும் துயருக்கும் காரணம் என எண்ணி, பச்சிளம் பேத்தியைக் கொல்கிறாள். பின்னர்ப் பிறர் வீட்டுச் சிறுமியரையும் கொல்கிறாள்.

இப்படைப்பின் மொழியமைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. மாந்தரின் உரையாடல் தீவின் பேச்சுவழக்கிலும், ஆசிரியர் கூற்று ‘கத்தரெவூசா’ எனப்படும் செவ்வியல் சார்ந்த எழுத்துமொழியிலும் அமைகின்றன. ஹதூலாவின் உள்ளத்து எண்ணங்களோ பெரும்பாலும் பேச்சுவழக்கில் அமையாது, ஆசிரியர் கூற்றுமொழியிலேயே இடம்பெறுகின்றன. இதனால் கொலைகாரியின் தருக்கமும் கதைசொல்லியின் குரலும் எவ்விடத்தில் பிரிகின்றன என வரையறுப்பது அரிதாகிறது. எழுத்தறியாப் பெண்ணொருத்தியின் சிந்தனைக்கு உயர்மொழியின் கண்ணியம் அளிக்கப்படுகிறது; அவளைப் பித்துப் பிடித்தவள் என ஒதுக்கிவிட வாசகரால் இயலவில்லை. அவள் கேட்கும் வினா நியாயமானது. அவள் கண்ட விடையோ கொடியது. இவ்விரண்டையும் ஒருசேர நிறுத்துவதே இக்கதையின் வலிமை எனலாம்.

முடிவும் இதனையே உறுதிப்படுத்துகிறது. காவலர் துரத்த, துறவி ஒருவரிடம் பாவமன்னிப்புப் பெற விரைபவள், வழியிலேயே கடல்நீரில் மூழ்குகிறாள். இறைநீதியும் மனிதநீதியும் அவளை எட்டவில்லை. அவள் கண்கள் இறுதியாகக் காண்பது, தனக்குச் சீதனமாகக் கிடைத்த பயனற்ற நிலத்தை. தீர்ப்புக் கூறாது விடும் ஆசிரியர், குற்றத்தின் வேரை அந்நிலத்தின் வழியே சுட்டிவிடுகிறார். ஆதலின் இக்குறுநாவலை வட்டார வழக்காற்றுப் பதிவாக மட்டும் கொள்ளாமல், சமூக அறம் குறித்த விசாரணையாகவும் கொள்வதே பொருத்தமுடையது.