சுடரும் கங்கும்: தொப்பம்பட்டித் தோட்டத்தில் தீயணைப்பான்களின் பரீட்சை

ஜவுளிக் கடையானாலும், கல்யாண மண்டபமானாலும், நெடுஞ்சாலையோரத்துப் பெட்ரோல் பங்க் ஆனாலும், சுவரில் மாட்டிய சிவப்பு உருளை ஒன்று இன்று எங்கும் கண்ணில் படுகிறது; அது தொங்குவதே போதுமான காவல் என்று முதலாளியும் நம்புகிறார், வாடிக்கையாளரும் நம்புகிறார்; உள்ளே இருப்பது பொடியா, நீரா, வாயுவா, அது எந்தத் தீயை அடக்கும், எந்தத் தீயின் முன்னே தோற்கும் என்ற விசாரணையோ பெரும்பாலும் தீ மூண்ட பிறகுதான் ஆரம்பமாகிறது. அந்த விசாரணையை அபாயமில்லாத வேளையில் நடத்திப் பார்க்கும் உத்தேசத்துடன், சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் சில கையடக்கத் தீயணைப்பான்களை, பழனிக்கு வடக்கே தொப்பம்பட்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், அறுப்பு முடிந்து வெறுமையாய்க் கிடந்த காட்டிலே, பணி ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர் ஒருவரை மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிரயோகித்துப் பார்த்தோம்.

இந்தப் பரீட்சைக்குப் பட்டணத்தைவிட இப்பிரதேசமே பொருத்தமானது. சாளைக்குப் பக்கத்தில் சோளத்தட்டுப் போர், களத்தில் பருத்தி, தென்னந்தோப்பில் காய்ந்த மட்டையும் நாரும், கிணற்றடியில் தகரக் கதவு போட்ட மோட்டார் அறை, வீட்டுக்குள்ளே சமையல் எரிவாயு என்று, தீயின் சாஸ்திரத்தில் சொல்லப்படும் வகைகளில் ஏறக்குறைய எல்லாமே ஒரு தோட்டத்து எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. 101-ஐ அழைத்தால் பழனியிலிருந்தோ ஒட்டன்சத்திரத்திலிருந்தோ வண்டி புறப்பட்டு வரவேண்டும். அது வந்து சேரும் வரையிலுள்ள நிமிஷங்கள் வீட்டுக்காரருடைய பொறுப்பு.

இந்தியத் தர நிர்ணயம் தீயை வகை பிரிப்பது இப்படி: மரம், துணி, வைக்கோல், காகிதம் போன்ற திடப்பொருள்களின் தீ ‘ஏ’, பெட்ரோல், டீசல், பெயிண்ட் முதலிய திரவங்களின் தீ ‘பி’, எரிவாயுக்களின் தீ ‘சி’, மெக்னீசியம் போன்ற உலோகங்களின் தீ ‘டி’, கொதிக்கும் சமையல் எண்ணெயின் தீ ‘எஃப்’. அமெரிக்க முறையில் ‘சி’ என்பது மின்சாரத் தீயையும், ‘கே’ என்பது சமையலறைத் தீயையும் குறிப்பதால், வெளிநாட்டுச் சரக்கை வாங்குகிறவர் எழுத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், உருளையின் மேலுள்ள படங்களையும் பார்ப்பது நல்லது.

முதலில், எல்லாருக்கும் பரிச்சயமான ஆறு கிலோ ஏ.பி.சி. பொடி உருளை. தகரத் தட்டில் டீசலுக்குச் சிறிது பெட்ரோல் கலந்து பற்றவைத்து, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, எட்டடி தூரத்திலிருந்து, ஊசியை உருவி, குழாயின் வாயைச் சுடரின் நுனிக்கல்லாமல் அடிக்குக் குறிவைத்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீசியபோது, ஆளுயரத்துக்கு எழுந்திருந்த ஜ்வாலை இரண்டு வீச்சில் மடிந்தது. மோனோ அமோனியம் பாஸ்பேட் என்னும் அந்த மஞ்சள் பொடி, எரிதலின் ரசாயனச் சங்கிலியை நடுவே அறுத்துவிடுவதே இந்த வேகத்துக்குக் காரணம். சுடரை அடிப்பதில் இதற்கு நிகரான கருவி எங்கள் வரிசையில் வேறில்லை என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் தட்டின் ஒரு மூலையை விட்டுவிட்டு நிறுத்தினால், அங்கே மிஞ்சிய ஒரு நாக்கு மறுபடியும் முழுத் திரவத்தின் மேலும் ஓடிவிடுகிறது. பொடிக்குக் குளிர்விக்கும் சக்தி அற்பம் என்பதை இதிலேயே கண்டுகொள்ளலாம்.

அதன் உண்மையான பலவீனம் தெரிந்தது தட்டுப் போரின் முன்னேதான். ஒரு வண்டிப் பாரத்துக்கும் குறைவான சோளத்தட்டைக் குவித்துப் பற்றவைத்து, உள்ளே கங்கு பிடிக்கும்வரை விட்டு, அதே பொடியை அடித்தோம். சுடர் உடனே அடங்கிற்று. குவியல் முழுவதும் வெளிறிய மஞ்சளாகி, காரியம் முடிந்ததென்ற தோற்றத்தைத் தந்தது. சற்று நேரத்தில் அடியிலிருந்து புகை நூலிழையாகக் கிளம்பி, காற்று ஒரு சுற்றுச் சுற்றியதும் தீ மீண்டது. தோட்டக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, அணைஞ்சு போச்சுன்னுதான நெனச்சோம், உள்ளுக்குள்ள இன்னும் கங்கு கெடக்குதுங்களே!” என்றார். “பொடி மேலாக்கதானுங்க படியும், உள்ள எறங்காது, எறங்கோணும்னா தண்ணிதானுங்க” என்று முன்னாள் வீரர் பதில் சொன்னார். உஷ்ணத்தில் அந்தப் பொடி உருகிக் கண்ணாடிபோல் ஒரு படலமாகித் திடப்பொருளை மூடும் என்பது மெய். ஆனால் அந்தப் படலம் பலகையின் மேற்பரப்புக்குப் பொருந்துமே தவிர, தட்டுக் குவியலுக்கும் பஞ்சு மூட்டைக்கும் நார்ப் பொதிக்கும் பொருந்தாது. நீறு பூத்த நெருப்பாகக் கங்கு உள்ளேயே தங்கிவிடும். சுடர் வேறு, கங்கு வேறு. நம் பக்கத்துத் தீயில் பெரும்பாகம் கங்குத் தீ. நாம் வாங்கி மாட்டுவதோ பெரும்பாலும் சுடரை மட்டும் அடிக்கும் கருவி. இந்த முரண்பாடே எங்கள் பரீட்சையின் பிரதான முடிவு.

ஆகவே ஒன்பது லிட்டர் நீர் உருளைக்கு உரிய கௌரவத்தைத் திருப்பித் தரவேண்டியிருக்கிறது. பழைய சினிமாக் கொட்டகைகளில், மணல் நிரம்பிய சிவப்பு வாளிகளுக்குப் பக்கத்தில் தொங்கிய கூம்பு வடிவச் சோடா-அமிலக் கருவியின் வம்சத்தில் வந்தது இது. 1866-இல் பிரான்சில் தோன்றிய அக்கருவியில், குமிழைத் தட்டிக் கவிழ்த்ததும் அமிலமும் சோடா உப்புக் கரைசலும் கலந்து, பிறக்கும் கரியமில வாயு நீரைப் பீச்சித் தள்ளும். ஒருமுறை தொடங்கினால் நிறுத்த முடியாது. இன்றைய கருவியில் கைப்பிடியை விட்டால் நீர் நிற்கிறது, அழுத்தினால் மறுபடி பாய்கிறது. ஒருவர் கவைக்கோலால் தட்டைக் கிளற, மற்றவர் கங்கு தெரியுமிடத்துக்கு மட்டும் நீரைச் செலுத்த இந்த வசதி பேருதவியாயிற்று. பொடி தோற்ற குவியலை நீர் அடக்கியது, மறுபடி புகையவில்லை. நிரம்பிய உருளையின் பாரம் 13 கிலோவுக்குக் குறையாது என்பதால் வயோதிகர்களுக்கும் சிறுவர்களுக்கும் இது உதவாது என்பதும், மின்சாரத்தின் மீதும் எண்ணெயின் மீதும் இதைக் கனவிலும் திருப்பக்கூடாது என்பதும் இதன் குறைகள். நுரை உருளை இதன் சகோதரம். டீசல் தட்டின்மேல் பொடியைவிட நிதானமாக வேலை செய்தாலும், திரவத்தின்மேல் போர்வையாகப் படிந்து, ஆவியை அடைத்து, தீ மீளாதபடி செய்தது. டிராக்டருக்கென்று டீசல் சேமித்து வைப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

கரியமில வாயு உருளையை மோட்டார் அறைக்கென்றே பலர் வாங்குகிறார்கள், அது நியாயமானதும்கூட. பொடியைப்போல் ஸ்டார்ட்டரின் இடுக்குகளில் புகுந்து ஈரத்தை இழுத்துச் செம்பை அரிக்காமல், வாயுவாகவே கலைந்துபோவது இதன் பெரிய விசேஷம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்ட பழைய பலகை ஒன்றில் வயரின் உறையைப் பற்றவைத்துச் சோதித்தபோது, பெருஞ்சீறலுடன் வெண்பனி கிளம்பி, சுடரை அணைத்து, துளிக் கறையும் வைக்காமல் மறைந்தது. பிடிக்கும் இடத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும்: வெளிவரும் பனியின் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரியளவு ஆகையால், கறுப்புக் கொம்பை வெறுங்கையால் பற்றினால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும், கைப்பிடியைத்தான் பிடிக்கவேண்டும். இதற்கு அழுத்தமானி கிடையாது. உள்ளே சரக்கு இருக்கிறதா என்பதை நிறுத்துப் பார்த்தே அறியவேண்டும். மேலும் 31 டிகிரிக்கு மேல் கரியமில வாயு எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்பதில்லை, உருளையின் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறுகிறது; சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழே இதை மாட்டிவைப்பது விவேகமாகாது.

அதைவிட முக்கியமான ஓர் அபாயத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நாலரைக் கிலோ உருளையிலிருந்து சுமார் இரண்டரைக் கன மீட்டர் வாயு வெளிவரும். எட்டடி நீளம், எட்டடி அகலம், எட்டடி உயரமுள்ள மோட்டார் அறையின் கொள்ளளவோ பதினான்கரைக் கன மீட்டர். கதவைச் சாத்திக்கொண்டு முழுவதையும் உள்ளே அடித்தால் அறையின் காற்றில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கரியமில வாயுவாகிவிடும். நூற்றுக்குப் பத்தைத் தாண்டினாலே மனிதனுக்கு நினைவு தப்பிவிடும். ஆகையால் முதலில் மெயினை இறக்கவேண்டும். பிறகு வாசற்படியில் நின்றபடியே அடிக்கவேண்டும். அடித்தவுடன் வெளியே வந்துவிடவேண்டும்.

சமையலறைக்கு வருவோம். வடைச் சட்டியின் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்தபின் அதன் சூடு 340 டிகிரிக்கு மேல் இருக்கும். அதில் ஒரு செம்பு நீரைக் கொட்டினால், நீர் அடியில் இறங்கி, கணத்தில் ஆயிரத்தறுநூறு மடங்குக்கு மேல் ஆவியாய் விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறியும். இதைத் திறந்தவெளியில், நீண்ட கழியின் நுனியில் கட்டிய குவளையால் செய்துகாட்டியபோது கூடியிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். வீட்டில் ஒருபோதும் செய்துபார்க்கலாகாது. பொடியும் கரியமில வாயுவும் சுடரை அணைத்தாலும் எண்ணெயின் சூட்டைத் தணிக்காததால் அது மறுபடி பற்றும். இதற்கென்றே உள்ள ஈர ரசாயன உருளை, பொட்டாசியம் உப்புக் கரைசலை மெல்லிய தூவலாகத் தெளித்து, எண்ணெயின் மேற்பரப்பைச் சவர்க்காரப் படலமாக மாற்றி, குளிரவும் வைக்கிறது. பலகாரக் கடைக்காரர்களும் கல்யாணச் சமையற்காரர்களும் இதற்குச் செலவிடும் பணம் வீண்போகாது. வீட்டுக்கு அடுப்பை நிறுத்திச் சட்டியைத் தட்டால் மூடிவிடுவதே போதுமான பரிகாரம். எரிவாயு சிலிண்டரின் வாயில் சுடர் பிடித்தால், வால்வை மூட வழியில்லாத நிலையில் சுடரை மட்டும் அணைப்பது பெருந்தவறு. காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு பரவி, வேறொரு பொறிக்காகக் காத்திருக்கும். நனைத்த சாக்கைப் போர்த்தி, ரெகுலேட்டரைத் திருப்பி மூடுவதே தீயணைப்புத் துறையினர் ஊர்தோறும் செய்துகாட்டும் முறை.

காருக்கென்று விற்கப்படும் சிறு தெளிப்பு டப்பாக்களைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காகிதத் தொட்டித் தீக்கு மேல் அவற்றுக்குத் திராணியில்லை. மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டாலோ, இந்த வரிசையிலுள்ள எதுவும் நம்பத்தக்கதல்ல. அது தன்னுள்ளேயே உஷ்ணத்தையும் எரிபொருளையும் உற்பத்தி செய்துகொள்வது. ஏராளமான நீரால் நெடுநேரம் குளிர்வித்தாலன்றி அடங்காது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி எரிந்து, தகப்பனும் மகளும் புகையில் மூச்சடைத்து மாண்டார்கள். வண்டியைப் படுக்குமிடத்துக்கு அப்பால் நிறுத்திச் சார்ஜ் போடுவதே உண்மையான பாதுகாப்பு.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை சில. உருளையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் இருக்கவேண்டும். அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கவேண்டும். அது பச்சையில் நின்றாலும் பொடி அடியில் இறுகியிருக்கலாம் என்பதால், அவ்வப்போது உருளையைக் கவிழ்த்துக் குலுக்குவது நல்லது. ஒரு வினாடி அடித்துப் பார்த்த பொடி உருளையைக்கூட உடனே நிரப்பிவிடவேண்டும்; வால்வின் வாயில் சிக்கிய துகள் வழியாக அழுத்தம் கசிந்து, அவசரத்தில் கைவிட்டுவிடும். ஆறு கிலோப் பொடி இருபது வினாடிக்குள் தீர்ந்துவிடும். அந்த அவகாசத்துக்குள் அடங்காத தீ, கையடக்கக் கருவியின் எல்லையைக் கடந்த தீ. உருளையை அடுப்பின் மேலோ, மோட்டாரின் பக்கத்திலோ அல்ல, வெளியேறும் வாசலுக்கு அருகில் மாட்டவேண்டும். எடுப்பவர் தீக்கும் வாசலுக்கும் நடுவே நிற்க அதுவே வழி.

இனி எங்கள் தீர்ப்பு. தோட்டத்துச் சாளைக்கு ஓர் ஆறு கிலோ ஏ.பி.சி. உருளை அவசியம், ஆனால் அதற்குத் துணையாக, மின்சாரமில்லாத வேளையிலும் நிறைந்திருக்கும் ஒரு நீர்த் தொட்டியும், வாளிகளும், கிளறுவதற்குக் கவைக்கோலும் இல்லையென்றால், தட்டுக்கும் பஞ்சுக்கும் நாருக்கும் அது பாதிப் பாதுகாப்புத்தான். மோட்டார் அறைக்கு இரண்டு கிலோக் கரியமில வாயு உருளையை நிழலான வெளிச்சுவரில் மாட்டலாம். கடைச் சமையலுக்கு ஈர ரசாயனம். இவற்றுள் ஒன்றை மட்டும் வாங்க வசதியுள்ளவர் பொடியையே வாங்கட்டும். அடித்தபின் நீரால் நனைக்க மறக்க வேண்டாம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, கருவியைக் கீழே வைக்கவேண்டிய தருணத்தையும் சொல்லாவிட்டால் விமர்சனம் பூர்த்தியாகாது. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் திருச்சி சாலைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் தீப்பிடித்தபோது உயிரிழந்த ஆறு பேரில் ஒரு குழந்தையும் உண்டு. புகை சூழ்ந்த கட்டிடத்தின் லிஃப்டுக்குள்ளே சிலர் நினைவிழந்து கிடந்தார்கள். தீ இடுப்புயரத்தைத் தாண்டினாலும், புகை முகமட்டத்துக்கு இறங்கினாலும், ஓர் உருளை தீர்ந்தும் சுடர் நின்றாலும், மறு உருளையைத் தேடாமல், லிஃப்டைத் தொடாமல், குனிந்தபடி படிவழியே ஆட்களை வெளியேற்றி, கதவைச் சாத்தி, 101-ஐ அழைப்பதே கடமை.