விடுப்பில் சென்ற நீதி

சுவிட்சர்லாந்தின் ஃபிரீட்ரிக் டூரன்மாட் ஜெர்மன் மொழியில் எழுதிய ‘இயற்பியலாளர்கள்’ நாடகம் 1962இல் சூரிச் நகரில் முதன்முதலாக மேடையேறியது. உலகையே அழிக்கவல்ல தம் கண்டுபிடிப்பை மறைக்க, பைத்தியமாக நடித்து மனநல விடுதியில் வாழ்கிறார் அறிஞர் மோபியஸ். அவரை நம்பி, வெளியுலகுக்கு அழைத்துச் செல்ல முனைந்த செவிலி மோனிகாவைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறார்.

விசாரிக்க வரும் காவல் ஆய்வாளர் வோஸ், மோபியஸே வேண்டியும் கைது செய்ய மறுக்கிறார். பைத்தியத்தைக் கைது செய்யத் தேவையில்லை. நீதிக்கும் விடுப்பு வேண்டுமல்லவா என்பது அவருடைய மகிழ்ச்சி. சிரிப்பு எழும் இடம்தான். ஆயினும் நாடகத்தின் மிகக் கொடிய இடம் இதுவே என்பேன். கொன்றவர் யார் என அறிந்தவர், எதை மறைக்கக் கொன்றார் என்று கேட்கவேயில்லை.

மோபியஸைத் தியாகி என்று போற்ற என்னால் இயலவில்லை. உலகைக் காக்க அவர் செலுத்திய விலை தம்முடையதன்று, மோனிகாவின் உயிர். அதுவும் வீணாயிற்று. கையெழுத்துப் படிகளை அவர் எரித்தார். ஆனால் விடுதித் தலைவி மத்தில்டே ஃபோன் ஸாண்ட் முன்னரே அனைத்தையும் படியெடுத்து வைத்திருந்தார். அந்த மருத்துவரோடுதான் ஆய்வாளர் அன்று அத்தனை இணக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார்.