இன்று வந்த இறால், போன வாரம் எழுதிய பதிவு

2025 மே 25 ஞாயிற்றுக்கிழமை. கொச்சியில் மீன், இறைச்சிக் கடைகளுக்கு வாரத்திலேயே பெரிய நாள் ஞாயிறு. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் முந்தைய நாளே சாய்ந்திருந்தது. அந்த ஞாயிறு காலை அது மூழ்கியே போனது. 640 கண்டெய்னர்களில் 13-இல் ஆபத்தான சரக்கு இருந்தது என்ற செய்தி உடனே பரவியது. அடுத்த நாட்களில் கண்டெய்னர்கள் கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் ஒதுங்கின. மீன் வாங்கலாமா, வேண்டாமா என்ற பயம் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது, விற்பனை சரிந்தது.

வியாழக்கிழமையே உட்கார்ந்து, அந்த வாரத்துக்கான இன்ஸ்டாகிராம் பதிவுகளை எழுதி, படம் சேர்த்து, நேரம் குறித்து ஏற்றிவைத்துவிட்ட ஒரு சிறு மீன் வியாபாரியை நினைத்துப் பாருங்கள். ‘ஞாயிறு ஸ்பெஷல்! அதிகாலையில் பிடித்த மீன், கடலிலிருந்து நேராக’ என்ற பதிவு, குறித்த நிமிடத்தில் தானாக வெளியே போயிருக்கும். கப்பல் மூழ்கிய செய்தியும் இந்த விளம்பரமும் ஒரே திரையில் அடுத்தடுத்து வந்திருக்கும். மீனில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அன்றைக்கு வாங்குகிறவர் கேட்க நினைத்தது ஒன்றைத்தான்: எந்தப் பக்கம் பிடித்தது? அதற்குப் பதில் சொல்ல வியாழக்கிழமைப் பதிவால் முடியாது.

பதிவுகளை முன்கூட்டியே ‘ஷெட்யூல்’ செய்துவைப்பது இன்று எல்லாச் சிறுதொழில் பயிற்சி வகுப்புகளிலும் சொல்லித்தரப்படும் பாடம். இதற்கு உதவும் கருவிகளில் ஹூட்சூட் 2008-இலும் பஃபர் 2010-இலும் தொடங்கின. 2012-இல் ஃபேஸ்புக் தன் பக்கங்களுக்கு இந்த வசதியைக் கொடுத்தது. 2022 நவம்பரில் இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளேயே 75 நாள் முன்வரை பதிவை ஏற்றிவைக்கலாம் என்று வந்தபோது, பெரிய நிறுவனங்களின் விளம்பரப் பிரிவுகள் செய்துவந்த வேலை ஒற்றை ஆள் நடத்தும் கடைக்கும் காசில்லாமல் கிடைத்தது. அது நல்ல மாற்றம். அதை எங்கே பயன்படுத்துவது, எங்கே கைவைக்காமல் இருப்பது என்பதை இடக்கொச்சியில் நின்று யோசித்தால் தெளிவாகப் புரிகிறது.

இடக்கொச்சி, கொச்சி மாநகராட்சியின் தென்கோடி. பாலம் தாண்டினால் அரூர். அது ஆலப்புழை மாவட்டம், கடலுணவு பதனிடும் ஆலைகளின் ஊர். காயலுக்கு அந்தப் பக்கம் கும்பளங்கி. வடக்கே போனால் பள்ளுருத்தி, தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம், அப்புறம் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி. இந்த நீளத்துக்குள் மீன் விற்பவர், மீனை வெட்டிச் சுத்தம் செய்து வீட்டுக்கே அனுப்புபவர், இறால் ஊறுகாய் போடுபவர், ஹோம்ஸ்டே நடத்துபவர், காயலில் படகு ஓட்டுபவர் என்று எல்லோரும் ஃபோன் திரையை நம்பித்தான் இருக்கிறார்கள். இவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தனியாக விளம்பரத்துக்கு ஆள் வைக்க வழியில்லை.

முதலில் நன்மை. தோப்பும்படியிலோ செல்லானத்திலோ ஏலத்துக்குப் போகிறவர் விடியுமுன் எழ வேண்டும். எட்டரை ஒன்பதுக்கெல்லாம் தூங்கினால்தான் முடியும். வாடிக்கையாளர்கள் ஃபோனும் கையுமாக உட்காருவது அதற்குப் பிறகுதான். துபாயில் இருக்கும் மகள் ஊரிலுள்ள அம்மாவுக்கு மீன் சொல்ல நினைத்தால், அங்கே நேரம் ஒன்றரை மணி பின்னால் இருப்பதால் இன்னும் தாமதமாகும். ஃபோர்ட் கொச்சி ஹோம்ஸ்டேக்காரருக்கு இன்னும் சிரமம்: சீசனான டிசம்பரில் ஜெர்மனியில் இரவு எட்டு மணி என்றால் கொச்சியில் நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை. இவர்களெல்லாம் கண்விழித்துப் பதிவு போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. நேரம் குறித்து ஏற்றிவைப்பது அவர்களுக்குத் தூக்கத்தைத் திருப்பித் தருகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த வழக்கத்தை ஆதரிக்கிறேன்.

இதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. பயிற்சி வகுப்புகளில் அதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. முன்கூட்டிப் போட வேண்டும் என்றால் வருஷத்தை முன்கூட்டிப் பார்க்க வேண்டும். கும்பளங்கி, செல்லானம் பக்கத்துப் பொக்காளி வயல்களை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நெல், அறுவடை முடிந்ததும் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அதே வயலில் இறால். ஓதம் ஏறும்போது உப்புநீரோடு உள்ளே வரும் குஞ்சுகளை ‘கெட்டு’ எனப்படும் அடைப்புக்குள் நிறுத்திவைத்து, நீர் வடியும்போது தூம்பு வாயில் வலையைக் கட்டிப் பிடிப்பார்கள். இருட்டில் தூம்பின் மேல் ஒரு விளக்கு தொங்கும். வெளிச்சத்தைத் தேடி வரும் இறால் நீரோட்டத்தோடு வலைக்குள் விழும். நாரன், சூடன், தெள்ளி என்று வகை பிரித்துக் கூடையில் கொட்டுவார்கள். இதில் கவனிக்க வேண்டியது, வலை நன்றாக நிறைவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்களில்தான். அந்த நாட்களைத் ‘தக்கம்’ என்கிறார்கள். அப்படியானால் கெட்டு இறால் விற்பவர் அடுத்த ஐந்து மாதத்துக்கான தக்கத் தேதிகளைப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே எழுதிவிடலாம். ‘வருகிற வியாழன் முதல் தக்கம், முன்பதிவு செய்யுங்கள்’ என்ற அறிவிப்பை நவம்பரிலேயே மொத்தமாக ஏற்றிவைத்தாலும் பொய்யாகாது. சந்திரன் தேதி மாற்றுவதில்லை.

டிராலிங் தடையும் இப்படித்தான். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள்; தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தடைக்காலத்தில் பெரிய படகுகள் கட்டிக் கிடக்கும், வள்ளங்கள் மட்டும் போகும், வகை குறையும், விலை ஏறும் என்று வாடிக்கையாளருக்கு மே மாதக் கடைசியிலேயே சொல்லிவைத்தால் ஜூனில் சண்டை இருக்காது. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி என்ற யூத ஜெபாலயத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை. இதை வெள்ளிக்கிழமைதோறும் தானாக நினைவூட்டும் பதிவை ஒரு ஹோம்ஸ்டேக்காரர் போட்டுவைத்தால், வார இறுதியில் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் விருந்தினர்கள் குறைவார்கள். ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியிலுள்ள தோபி கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் கதையை எந்த மாதத்தில் சொன்னாலும் அது கதைதான்.

குறைகளுக்கு வருகிறேன். நாட்காட்டியில் அச்சான தேதிகளையும் கொச்சி பலமுறை கவிழ்த்திருக்கிறது. 2022-இல் கொச்சி-முசிரிஸ் பினாலே கலைக் கண்காட்சி டிசம்பர் 12 அன்று திறப்பதாக இருந்தது. திறப்புக்கு முந்தைய இரவில்தான், முக்கியக் காட்சிகள் 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போகின்றன என்ற அறிவிப்பு வந்தது. வெளிநாடுகளிலிருந்து கலைஞர்களும் பார்வையாளர்களும் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தார்கள். 2024 டிசம்பர் 26 இரவு முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் காலமானார். ஜனவரி 1 வரை ஏழு நாள் தேசிய துக்கம். ஃபோர்ட் கொச்சியில் ஆண்டுக் கடைசி இரவில் பரேட் மைதானத்தில் பாப்பாஞ்சி என்ற பெரிய உருவபொம்மையை எரிப்பதைப் பார்க்கக் கூடும் கூட்டத்தை நம்பித்தான் அந்த வட்டாரத்து விடுதிகளும் உணவகங்களும் டிசம்பரை ஓட்டுகின்றன. அதை நடத்தும் கார்னிவல் குழு, துக்கத்தை ஒட்டி அந்த ஆண்டு அங்கே எரிப்பைக் கைவிட்டது. ‘இன்னும் மூன்றே நாள், பாப்பாஞ்சி இரவுக்கு வாருங்கள்’ என்று எண்ணிக்கை இறங்கும் பதிவுகளை வரிசையாக ஏற்றிவைத்திருந்த கடையில் யாராவது ஒருவர் ஃபோனைத் திறந்து அவற்றை எடுத்திருக்க வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொச்சி விமான நிலையம் 15 முதல் 29 வரை மூடிக் கிடந்த நாட்களிலும், 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டில் மலை சரிந்தபோதும் இதே கேள்விதான். யார் கையில் நிறுத்தும் பொத்தான்?

பெரும்பாலான சிறு கடைகளில் அதற்கு ஆள் இல்லை. பதிவு போடும் வேலையைக் கல்லூரி படிக்கும் உறவுக்காரப் பையனிடமோ, மாதக் கட்டணம் வாங்கும் ஏஜென்சியிடமோ விட்டுவிடுகிறார்கள். கடவுச்சொல்லும் அவர்களிடமே. துக்க நாளில் கடை உரிமையாளர் பதறிப்போய் ஃபோன் செய்தால் அந்தப் பக்கம் எடுப்பதில்லை. கருவியின் கோளாறு என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்றிவைத்துவிட்டு மறந்துவிடலாம் என்பதுதான் இந்தக் கருவிகள் தரும் பெரிய வாக்குறுதி. அந்த வாக்குறுதியில்தான் ஆபத்து இருக்கிறது.

கும்பளங்கியின் கவரு இன்னொரு வகை. கோடையில் காயலில் உப்பு ஏறும்போது நுண்ணுயிர்கள் பெருகி, துடுப்புப் பட்ட இடமெல்லாம் நீலமாக ஒளிரும். 2019-இல் ‘கும்பளங்கி நைட்ஸ்’ படம் வந்தபின் அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து வருகிறார்கள். மார்ச் முதல் மே வரை வரக்கூடும் என்று சொல்லலாம். நிலவில்லாத இரவு நல்லது என்றும் சொல்லலாம். ஒரு நல்ல கோடைமழை பெய்து உப்பு இறங்கிவிட்டால் அதோடு போயிற்று. 2025-இல் பருவமழையே மே 24 அன்று, வழக்கத்தைவிட எட்டு நாள் முந்தி, கேரளத்தில் இறங்கிவிட்டது. மே கடைசி வாரத்துக்கு ‘இன்றிரவு கவரு’ என்று ஏற்றிவைத்த பதிவை நம்பி கோயம்புத்தூரிலிருந்து கார் எடுத்து வரும் குடும்பம் பார்ப்பது கறுத்த தண்ணீரைத்தான். படகுக்காரர் அன்று மாலை காயலில் கையை விட்டு அலசிப் பார்த்துவிட்டுப் போடும் பத்து வினாடி வீடியோவுக்கு எந்த ஷெட்யூலும் ஈடாகாது.

எனக்கு மிகவும் உறுத்துவது இதைவிடச் சாதாரணமாகத் தெரியும் ஒரு பழக்கம். ஒரு வெயில் நாளில் நாற்பது படம் எடுத்துவைத்துக்கொண்டு, மாதம் முழுக்க அவற்றை அன்றன்றைய வரவாகக் காட்டுவது. சுற்றுலாப் படத்தில் அது பரவாயில்லை. மீனில் அது பொய். கண் தெளிந்த, செவுள் சிவந்த கரிமீனைப் பார்த்துத்தான் ஒருவர் பணம் அனுப்புகிறார். அந்தக் கரிமீன் மூன்று வாரம் முன்பே யாரோ வீட்டில் பொள்ளிச்சது ஆகிவிட்டது. விலையும் அப்படியே. ஏலம் முடியும்வரை கரையில் யாருக்கும் தெரியாத விலையை முந்தைய வாரமே எப்படி எழுதுவது? எழுதினால் ஒன்று கைநஷ்டம், அல்லது ‘அந்த விலை போன வாரத்தோடு முடிந்தது’ என்ற சமாதானம். இரண்டாவது முறை அந்தச் சமாதானத்தைக் கேட்டவர் திரும்ப வரமாட்டார்.

வளர்ச்சி என்ற கணக்கையும் பார்க்க வேண்டும். தினமும் தவறாமல் பதிவு போனால் பின்தொடர்பவர்கள் கூடலாம். ஹோம்ஸ்டேக்கு டெல்லியில் பின்தொடர்பவர் நாளைய விருந்தினர். இடக்கொச்சி மீன்கடைக்கு அவரால் என்ன பயன்? அந்தக் கடை பள்ளுருத்தியிலும் கும்பளங்கியிலும் அரூரிலும் உள்ள சில நூறு வீடுகளால்தான் வளரும். அந்த வீடுகள் இரவு ஒன்பதரைக்கு ‘நாரன் கிலோ எவ்வளவு, வெட்டித் தருவீர்களா’ என்று கேட்கும்போது பதில் வர வேண்டும். பதிவைத் தூக்கத்தில் போடலாம், பதிலைத் தூக்கத்தில் சொல்ல முடியாது. ஒன்பது மணிக்குப் பதிவு போகும்படி அமைத்துவிட்டு, மறுநாள் பத்து மணிக்கு ‘சொல்லுங்கள் சேச்சி’ என்று பதில் போடும் கடை, விளம்பரத்துக்குச் செலவழித்த நேரத்தைப் பக்கத்துக் கடைக்குத் தானம் செய்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. தக்கம், தடைக்காலம், விஷு, ஓணம், விடுமுறை, ஊரின் பழங்கதை ஆகியவற்றை ஏற்றிவையுங்கள்; தாராளமாக, மாதக்கணக்கில். அன்றைய வரவு, விலை, வானிலை, கவரு ஆகியவற்றை அன்றன்று கையால் போடுங்கள். ஒரு நாள் போட முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், கடை ஒன்றும் மூழ்கிவிடாது. இரவுப் பதிவை, நீங்களோ வீட்டில் ஒருவரோ இன்னும் ஒரு மணி நேரம் விழித்திருக்கும் பொழுதுக்கு வையுங்கள். கணக்கின் கடவுச்சொல் உங்கள் ஃபோனிலும் இருக்கட்டும். இதைப் படிக்கும் கடைக்காரர்கள் இன்று இரவே ஏற்றிவைத்த பதிவுகளின் வரிசையைத் திறந்து, அன்றைய மீன், அன்றைய விலை என்று சொல்லிக்கொண்டு காத்திருக்கும் ஒவ்வொரு பதிவையும் நீக்கிவிடுங்கள்.