தட்டும் ஏடும்

எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் மறைந்தபோது அவருக்கு வயது 27. கே. பி. சுந்தராம்பாளுடன் நாடக மேடையை ஆண்ட அக்குரல் இன்று இசைத்தட்டுகளில் மட்டுமே வாழ்கிறது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டையே கொள்ளும். அவையோரின் ஆர்வத்துக்கேற்ப மேடையில் விரிந்த பாட்டு, தட்டில் ஒடுங்கிற்று. எனவே, தட்டை மட்டும் கேட்டு அக்கலையை எடைபோடுதல் முறையன்று.

அக்குறையை ஓரளவு நிரப்ப வல்லவை மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்களும் நாடக விளம்பரத் தாள்களுமே. கதையில் எவ்விடத்தில், எப்பாத்திரம், எம்மெட்டில் பாடிற்று என்பதற்கு அவையே சான்று. கற்றோர் பலர் புறக்கணித்த இத்தகைய ஏடுகளையும் பொருட்படுத்தித் தொகுத்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. 1992-இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பே 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாக மலர்ந்தது.

ஒலியைக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என்பார் உளர். அது பாதிப் பணியே. தட்டின் உறை, அதன் எண், பாட்டுப் புத்தகம் ஆகியவற்றைப் பிரித்துவிட்டால் எஞ்சுவது முகவரியற்ற குரல். மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்லும் நம் இல்லங்களில் முதலில் கழிக்கப்படுபவை இப்பொருள்களே. அவற்றைப் பழைய தாள் வணிகரிடம் போடாது, ஒருசேரக் காப்பகத்தில் ஒப்படைத்தல் நம் கடன்.