குவாய் நதிப் படமும் அதன் பின்கதையும்

புகழ்பெற்ற படத்தின் நிழலில் ஒதுங்க முயலும் படம் அந்நிழலிலேயே மறைந்துபோவதும் உண்டு. 1989இல் வெளிவந்த ‘ரிட்டர்ன் ஃப்ரம் தி ரிவர் குவாய்’ என்னும் ஆங்கிலப் படத்தின் கதி அதுவே. சயாம் ரயில்பாதையைச் சுற்றியெழுந்த படமாதலால், கோல சிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரையுள்ள தோட்டப்புறத் தமிழருக்கு இதன் குறைபாடு அயலார் செய்தியன்று.

டேவிட் லீன் இயக்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. பகைவனுக்குப் பாலம் கட்டிக் கொடுப்பதையே தன் மானமாகக் கருதிவிட்ட கர்னல் நிக்கல்சனாக அலெக் கின்னஸ் நடித்தார். கடமையுணர்ச்சி மடமையாகும் இடத்தைத் தொட்டுக் காட்டியதே அப்படத்தின் உயிர்நிலை.

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆண்ட்ரூ மெக்லக்லன் இயக்கிய படத்தில் அத்தகைய மனப்போராட்டம் இல்லை. பிளேர் தம்பதியரின் வரலாற்று நூலைத் தழுவிய அது, கைதிகளை ஜப்பானுக்குக் கப்பலேற்றும் கதையைச் சொல்கிறது. பழைய பாத்திரங்கள் எவரும் வருவதில்லை. தொடர்ச்சியன்று என்று கூறிக்கொண்டே பெயரளவில் உறவு கொண்டாடியது; அப்பெயரால் எழுந்த வழக்கில் அமெரிக்கத் திரையரங்குகளையும் இழந்தது. வெடிச்சத்தம் மிகுந்தும், நெஞ்சில் நிற்கும் மாந்தர் இலர்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. 1942–43இல் போடப்பட்ட 415 கிலோமீட்டர் பாதையில் நேசநாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் உழைத்தனர். ஆசியத் தொழிலாளரோ அதனினும் பன்மடங்கினர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். சிலாங்கூர் லயங்களும் ஆள் கொடுத்தன. காஞ்சனபுரியில் மாண்ட கைதிகளுக்குப் பெயர் பொறித்த கற்கள் நிற்கின்றன. காலராவிலும் பசியிலும் மாண்ட தமிழர் பலருக்குப் புதைத்த இடமே தெரியாது.

முதற்படமும் இவர்களைப் புறத்தே நிறுத்திற்று. ஆயினும் ஒரு கர்னலின் உள்ளத்தை ஆராய்ந்த கலைத்திறன் அக்குறையை ஓரளவு மூடியது. வரலாற்றைச் சொல்ல வந்த இரண்டாம் படத்துக்கு அச்சலுகை இல்லை. ‘திரும்புதல்’ என்று தலைப்பிட்டும், கைதிகளைத் தாண்டி அதன் கண் செல்லவில்லை. நோயோடு லயத்துக்கு மீண்டவரும், மீளாதவரை எதிர்பார்த்திருந்த பெண்டிரும் அத்தலைப்புக்கு உரியவர் அல்லரோ?

அந்தப் பின்கதையை மலேசியத் தமிழ் நாவல் எழுதிவிட்டது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியவை அப்பாதையில் உழன்ற தமிழரையே கதைமாந்தராக்கின. திரைக்கும் அக்கண் வாய்க்கும்போதுதான் குவாய் நதியின் கதை முழுமை பெறும்.